மீன்கோட்பறையும் படகுப் பாட்டும்



தாம்பரம் கடல் காணாத ஊர். ஆனால் மீன் காணாத ஊர் அன்று. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என ஏரிகள் சூழ்ந்த நிலப்பகுதி இது. வீடுகள் நெருங்கி வந்து ஏரிகளைச் சுருக்கிவிட்ட பின்னரும், மழை நன்கு பெய்த ஆண்டுகளில் அவற்றின் கரைகளில் தூண்டிற்காரர் அமர்ந்திருப்பதைக் காணலாம். அவர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வாய் திறக்கலாகாது. சிறுவன் ஒருவன் சற்று உரக்கச் சிரித்தாலும், மீன் கலைந்துவிடும் என்று அதட்டப் பெறுவான். இவர்களே ஒரு நாள் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே சென்று நீலாங்கரையிலோ கோவளத்திலோ நின்றால், அங்கே வேறொரு காட்சியைக் காண்பர். கரையேறும் கண்ணாடியிழைப் படகிலிருந்து திரைப்பாட்டு முழங்கிக்கொண்டிருக்கும். ஏரியில் பேச்சே பகை. கடலில் பாட்டே துணை. இவ்விரண்டனுள் எது சரி? எளிய வினாவாகத் தோன்றும் இது, பழந்தமிழ் இலக்கணம்வரை வேர் ஓடிய வினா.

தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துப் பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. பின்வந்த அகப்பொருள் நூலாரும் உரையாசிரியரும் நெய்தலுக்குரிய யாழ் விளரி என்றும், பண் செவ்வழி என்றும், பறை மீன்கோட்பறையும் நாவாய்ப்பம்பையும் என்றும் வகுத்துரைத்தனர். விளரியும் செவ்வழியும் இரங்கற்குரியவை. கரையில் காத்திருப்பவளின் இசை. மீன்கோட்பறை அத்தகையதன்று. பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது: மீன் கொள்ளுதற்குரிய பறை. தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் மாணவர் இச்சொல்லை ஒரு நொடியில் கடந்துவிடுகின்றனர். மீன் பிடிக்கப் பறை எதற்கு என்று வகுப்பில் ஒருவரேனும் கேட்டதுண்டோ?

பறை முழங்கினால் மீன் வருமா, ஓடுமா? ஓடும். ஓட வேண்டும் என்பதற்காகவே முழக்குவது. வலையை ஒருபுறம் வளைத்து நிறுத்தி, மறுபுறம் படகின் விளிம்பைக் கட்டையால் தட்டியும் துடுப்பால் நீரை அறைந்தும் மீனை வலைநோக்கி விரட்டுவது உலகின் பல கரைகளிலும் உள்ள பழக்கம். குளத்தில் வலை கட்டிக் கழியால் நீரை அடித்து மீன் கலைப்பவரும் அதனையே செய்கின்றனர். மீன்கோட்பறை இவ்வாறே பயன்பட்டது என்று இலக்கணத்தை மட்டும் கொண்டு அறுதியிட இயலாது. மீன் வேட்டத்துக்குப் புறப்படுவோரை அழைத்த பறையாகவும் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும் மீன் பிடித்தலையும் முழக்கத்தையும் பகையாகக் கருதாத மரபு ஒன்று இங்கே இருந்தது என்பது தெளிவு.

இனி மீனின் செவியைச் சற்று ஆராயலாம். புறத்தே காது தெரியாமையால் மீன் செவிடு என்றே நெடுங்காலம் எண்ணினோர் உண்டு. தேனீக்களின் ஆடலை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே கண்ணற்ற கெளுத்தி ஒன்றைச் சீழ்க்கை ஒலிக்கு வந்து இரை கொள்ளப் பழக்கி, 1923இல் அதனை வெளியிட்டார். கெளுத்தி, கெண்டை, கட்லா, ரோகு ஆகிய இனங்களுக்குக் காற்றுப் பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புத் தொடர் உண்டு. அதனை முதலில் விளக்கிய வெபரின் பெயராலேயே அவ்வெலும்புகள் வழங்குகின்றன. இவ்வமைப்பால் அவை நன்கு கேட்கும். 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வளர்ப்புக் கெண்டைகள் மூன்று மேனாட்டுச் செவ்விசையையும் 'புளூஸ்' என்னும் கறுப்பின மக்களின் இசையையும் வேறுபிரித்தறியப் பழகின. நம் ஏரிகளில் இன்று மிகுந்துவிட்ட ஜிலேபிக் கெண்டைக்கு அவ்வெலும்புகள் இல்லை. அது பெயரளவில்தான் கெண்டை, செவியளவில் அன்று.

ஆயின் மீனுக்குக் கேட்கும் ஆற்றல் இருப்பது வேறு, கரையில் எழும் ஒலி அதனிடம் சென்று சேர்வது வேறு. காற்றில் பிறந்த ஒலி நீர்ப்பரப்பில் பட்டு ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடுகிறது. நேராக விழும் ஒலியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றலே நீருள் புகுகிறது. எனவே ஏரிக்கரைச் சிறுவனின் சிரிப்பு மீனை எட்டுவது அரிது. எட்டுவது அவன் தரையில் குதிக்கும் அதிர்ச்சி. படகிலும் அவ்வாறே. கையில் பிடித்த வானொலிப் பெட்டியின் பாட்டு பெரும்பாலும் வானோடு போய்விடும். அதே பெட்டியைப் படகின் பலகைமேல் வைத்தால் பலகை அதிர்ந்து, அதனடியிலுள்ள நீரும் அதிரும். ஆனாலும் படகின் பின்புறம் சுழலும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு முன் அது எம்மட்டு? இயந்திரத்தை ஓடவிட்டுப் பாட்டை நிறுத்துவது, இடி முழங்குகையில் கொசுவை விரட்டுவது போன்றது. ஆக, தூண்டிற்காரரின் அதட்டலுக்குக் காரணம் பிழை, பழக்கம் சரி. அசைவற்றிருப்பது மீனுக்கு நல்லது. படகுக்காரரின் பாட்டோ மீனுக்குப் பெரும்பாலும் ஒரு பொருட்டே அன்று.

அப்படியானால் படகில் பாட்டு யாருக்கு?

கடற்கரை மக்கள் ஏலப்பாட்டு, ஏலேலப்பாட்டு, அம்பாப்பாட்டு என்று பலவாறு வழங்கும் பாட்டு வகையில் இதற்கு விடை உண்டு. தமிழகக் கரையிலும் ஈழத்தின் வடக்கு, கிழக்குக் கரைகளிலும் அம்பா ஒலித்தது. கரைவலை இழுக்கும் காட்சியை நினைவில் கொள்க. படகு ஒன்று வலையை ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக இறக்கிவிட்டுக் கரை சேரும். இரு முனைகளிலும் நீண்ட வடக்கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் ஓர் அணி. நடுவே, தொலைவில், அலைக்கு அப்பால் மடி. அம்மடியில் மீன் இருக்கிறதோ இல்லையோ, நீரின் கனம் இருக்கிறது. அலை அதனைத் தன்பக்கம் இழுக்கிறது. ஒருவன் முன்னும் ஒருவன் பின்னுமாக இழுத்தால் கயிறு அசையாது. கை மட்டும் கிழியும். இரு அணிகளும் ஒரே நேரத்தில் இழுக்காவிடில் வலை கோணும், மீன் நழுவும். அங்கே ஒருவர் எடுத்துப் பாடுகிறார்; மற்றவர் 'ஏலேலோ' என்று ஏற்கின்றனர். அவ்வேற்பில் எந்த அசை அழுந்துகிறதோ அந்த அசையில் அத்தனை முதுகும் ஒருசேரச் சாயும். எடுத்துப் பாடும் பகுதி மூச்சு வாங்குவதற்கு. ஏற்றுப் பாடும் பகுதி இழுப்பதற்கு. இசையிலக்கணம் கற்றோர் தாளம் என்று கையால் தட்டிக் காட்டுவதை இவர்கள் உடல் முழுவதாலும் காட்டினர்.

ஏலேலசிங்கன் என்னும் வணிகனை நினைத்தே இப்பல்லவி எழுந்தது என்று ஒரு கதை உண்டு. திருவள்ளுவரோடும் அவனைத் தொடர்புபடுத்துவர். கதை இனிது, ஆனால் நம்புவதற்கு அரிது. கயிற்றை இழுத்துப் பார்த்தவருக்கு அச்சொல் எங்கிருந்து பிறந்தது என்பதில் ஐயம் எழாது. அது நுரையீரலில் பிறந்த சொல்.

எடுத்துப் பாடுவோர் பாட்டை மனப்பாடமாக ஒப்பிப்பவர் அல்லர். முருகன், அம்மன், மாதா, அந்தோணியார் என அவ்வக் கரையின் தெய்வத்தை அழைத்துத் தொடங்கி, பிறகு வாய்க்கு வந்தபடி கட்டுவார். பங்கு பிரிப்பதில் கை இறுக்கிய வலைச் சொந்தக்காரர், இழுக்காமல் கயிற்றைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும் சோம்பேறி, வீட்டில் காத்திருக்கும் பெண் ஆகிய எல்லாரும் அதனுள் வந்து போவர். முகத்துக்கு நேரே சொல்ல இயலாத முறையீட்டைப் பாட்டில் வைத்துச் சொல்லிவிடலாம். கேட்டவர் சினந்தால் பாட்டுத்தானே என்று நழுவிவிடலாம். அடுத்த நாள் வலையில் அடுத்த பாட்டு. அதனால்தான் ஏட்டில் எழுதிய அம்பா, கரையில் கேட்ட அம்பாவில் பாதியும் ஆவதில்லை.

படகில் பாட்டு என்றவுடன் தமிழருக்கு நினைவில் எழுவது வேறொன்று. தியாகராசரின் நௌகா சரித்திரம் யமுனையில் ஓடம் விடுகிறது. 1964இல் வந்த படகோட்டியும், 1965இல் வந்த மலையாளச் செம்மீனும் கடலைத் திரையில் பாடவைத்தன. அவற்றின் இனிமையை யாரும் மறுக்கார். ஆயினும் திரையில் நாயகன் தன்னந்தனியே படகில் நின்று பாடுகிறான். கையில் துடுப்பு இருந்தாலும் தோளில் சுமை இல்லை. உண்மைப் படகுப் பாட்டைத் தனியொருவர் பாட முடியாது. இன்னொருவர் ஏற்காவிட்டால் அது முடியாத வாக்கியம். கரை மக்களோ தம்மைப் பற்றிய திரைப்பாட்டையே தம் பாட்டாக ஏற்றுக்கொண்டனர். அதில் வியப்பில்லை, தம் பாட்டைப் பாடுதற்குரிய வேலை அதற்குள் அவர்களை விட்டு நீங்கத் தொடங்கியிருந்தது.

அது நீங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். பிறமொழிகளுக்கும் பெயர் தந்த கட்டுமரம், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் சென்னைக் கரையில் விரைவாகக் குறைந்தது. நிவாரணமாக வந்து குவிந்தவை கண்ணாடியிழைப் படகுகள். படகில் செல்வோர் மூவர், நால்வர். முப்பது பேர் கூடி இழுக்கும் கரைவலை அருகியது. ஈழத்தின் வடக்கு, கிழக்குக் கரைகளில் கரைவலையை உழவு இயந்திரத்தில் பொருத்திய உருளையால் சுற்றி இழுக்கும் முறை வந்து, அது வழக்காகவும் பூசலாகவும் ஆயிற்று. உருளைக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. ஆகவே அதற்குப் பாட்டும் வேண்டியதில்லை. அம்பாவை எவரும் தடை செய்யவில்லை. அதற்கு வேலை இல்லாமற் போயிற்று, அவ்வளவே. உழைப்பின் நோவு குறைந்ததற்காக வருந்துவது நகரத்தார்க்கு எளிது. கை கிழிந்தவர்க்கு அவ்வருத்தம் இராது என்பதையும் இங்கே மறைக்கலாகாது.

பாட்டோடு மற்றொன்றும் குறைந்தது: செவி. மட்டக்களப்பு வாவியில் நிலவு நாள்களில் எழும் இன்னொலியை எமர்சன் டெனன்ட் 1848இல் கேட்டு எழுதினார். விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த தம் யாழ் நூலில் அதனை நீரரமகளிர் இசையாகக் கண்டார். அதனைக் கேட்கும் முறை எளிது: ஓடத்திலிருந்து துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையைக் காதில் வைப்பது. பாடுவது மீனா, சிப்பியா என்ற வழக்கு தீரவில்லை. ஆனால் துடுப்பைக் காதில் வைக்கும் கை, பன்னெடுங்காலத் தொழிற்கை. மலாய்க் கரையில் நீருள் தலை மூழ்கி மீன்கூட்டத்தின் ஒலியைக் கேட்டு, இனம் இன்னது, அளவு இவ்வளவு என்று கூறும் வல்லுநர் இருந்தனர். அவர்க்கு 'ஜூரு செலாம்' என்று பெயர். கத்தாழை இனத்து மீன்கள் காற்றுப் பையை அதிரச்செய்து ஒலி எழுப்புவதால் இது கட்டுக்கதை அன்று. பாட்டு ஓய்ந்த இடைவெளியில்தான் இவற்றைக் கேட்க முடியும். அம்பாவுக்கு இடைவெளி உண்டு. இயந்திரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அது இல்லை.

இதனால் படகில் வானொலி கூடாது என்று யாரேனும் கொண்டால் அது பெரும்பிழையாகும். சென்னையில் 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியபோது மெரினாக் கரையில் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்கச் செய்தது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. அன்று கரையில் நின்ற இசை, பின்னர்க் கையடக்கப் பெட்டியில் ஏறிக் கடலுக்குள் சென்றது. அதோடு சேர்ந்து சென்றது, மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டா என்னும் எச்சரிக்கை. எச்சரிக்கைக்காக மட்டும் ஒரு பெட்டியை நாள் முழுதும் திறந்து வைப்பார் எவருமிலர். பாட்டுக்காகவே திறந்து வைப்பர், எச்சரிக்கை இடையே வந்து விழும். பாம்பனில் 2016இல் மீனவர்க்கென்றே தொடங்கப்பெற்ற 'கடல் ஓசை' சமுதாய வானொலி இந்த உண்மையை நன்குணர்ந்து, பாட்டின் நடுவே காற்றையும் அலையையும் பற்றிய செய்திகளை வைத்தது. மறு ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோது, ஆழ்கடலுக்கு முன்னரே சென்றிருந்தவர்களை எந்த வானொலியும் எந்தக் கைப்பேசியும் எட்டவில்லை. அங்கே குறைந்தது இசையா, எச்சரிக்கையா என்று பிரித்துச் சொல்ல முடியுமா? கயிற்றில் கைகளைச் சேர்த்தது அம்பா. கரையோடு காதைச் சேர்ப்பது இந்தப் பெட்டி. எட்டும் தொலைவு வரையில் அதுவும் ஒரு வடக்கயிறே.

அவ்வாறாயின் இலக்கிய வட்டம் ஒன்றுக்கு இதில் செய்தற்குரியது என்ன? ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா, கருநாடக இசையைச் சபா மண்டபத்திலிருந்து மீனவர் குப்பத்துக்கு நடக்கச் செய்தது. எதிர்த்திசையில் ஒரு நடை இன்னும் வேண்டியிருக்கிறது. கொட்டிவாக்கம் முதல் கோவளம் வரையுள்ள குப்பங்களில் கரைவலைக் காலத்து முதியோர் எவரேனும் இருப்பின், அவர்களிடம் சென்று பாடக் கேட்டுப் பதிவு செய்யலாம். ஆனால் நாற்காலியில் அமர்த்தி ஒலிவாங்கியை நீட்டினால் இரண்டு அடிக்குமேல் வாராது; மறந்துவிட்டது என்பர். அவர் கையில் கயிற்றின் ஒரு முனையைக் கொடுக்க வேண்டும். மறுமுனையில் வட்டத்தின் உறுப்பினர் பத்துப்பேர் நின்று, உண்மையாகவே இழுக்க வேண்டும்.