கத்தாதடா, கேக்குது!

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொழில் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். நான் ஒரு மலையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு ஊர் ஆர்.கே.பேட்டை. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை மாதிரியே தறிக்காரர்கள் ஊர். 85 டெசிபலுக்கு மேல் தினமும் எட்டு மணி நேரம் கேட்டால் காது கெடும் என்கிறார்கள். விசைத்தறிக் கூடத்தில் சத்தம் அதற்கும் மேலே. அப்பா அதில் முப்பது வருஷம் நின்றவர். அதனால் எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. விடுதிக்கு வந்த புதிதில், "ஏன்டா எப்பவும் சண்டை போடுற?" என்று நீங்கள் என்னைக் கேட்டது ஞாபகம் இருக்கும்.

திருத்தணியிலிருந்து வடக்கே போனால் நகரி மலை தெரியும். அதன் உச்சி மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், சுமார் 855 மீட்டர். அந்தக் காலத்தில் சென்னைக்கு வந்த கப்பல்காரர்களுக்கு அது அடையாளம். நூறு கோடி ஆண்டுக்கும் மூத்த பாறை. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. நகரி, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. தண்ணீர் எந்த எல்லையையும் பார்ப்பதில்லை. நகரி ஆறு கொசஸ்தலையில் கலந்து, பூண்டி ஏரி வழியாகச் சென்னைக்காரர் வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

ஊட்டிக்கு நான்கு முறை போயிருக்கிறேன். இங்கே போனதில்லை. சென்ற தை மாதம், வேலைநாள் ஒன்றில், அப்பாவைப் புத்தூர் தாண்டி நாராயணவனம் பக்கம் உள்ள கைலாசகோனைக்கு அழைத்துப் போனேன். அருவிக்கு வெகு முன்பே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஆள் நடமாட்டமே இல்லை. சருகில் ஓணான் ஓடுவது கேட்டது. வழக்கம்போல அவர் காதருகே குனிந்து, "தண்ணி வேணுமா?" என்று கத்தினேன். கையை உயர்த்தினார்.

"கத்தாதடா, கேக்குது."

பிறகு ஒரு மணி நேரம் மெல்லிய குரலில் பேசினார். தாத்தா கைத்தறி போட்டது, இரண்டாவது தறி வாங்க அம்மா நகையை வைத்தது, எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியது. பாதிக்கு மேல் எனக்குப் புதுச் செய்தி. டாக்டரிடம் கேட்டேன். காது குணமாகவில்லை, சுற்றிலும் இரைச்சல் இல்லாததால் பேச்சு பிடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

அடுத்த தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாந்தோம். ஒரு கும்பல் ஸ்பீக்கர் பெட்டியோடு வந்திருந்தது. அப்பா வேனை விட்டே இறங்கவில்லை. தம்பிகளே, அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் வையுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் உட்காட்டுக்குள்ளும் போகாதீர்கள். செம்மரக் காடு, புது ஆளைக் கண்டால் சந்தேகப்படுவார்கள். மழைக்காலத்தில் ஓடையில் இறங்கவே கூடாது, மேலே பெய்த வெள்ளம் சொல்லாமல் வரும்.

நாளை திங்கள். காலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் வேன் நிற்கும். அப்பாவும் வருகிறார். எட்டு இடம் பாக்கி இருக்கிறது.