பூட்டிய டெப்பைத் தூக்கி எறிய முன்
(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டு வேலையும் கிடக்க வந்திருக்கிறீங்க. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது, பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு டெப் வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்த டெப் இப்போது சில லயங்களில் பெட்டிக்குள் கிடக்கிறது. திறக்கும் இலக்கம் மறந்துபோச்சு. "புதுசு வாங்கித் தாங்க" என்கிறது பிள்ளை. தீபாவளி முற்பணத்தில் கை வைக்கலாமா என்று அம்மா யோசிக்கிறார். அதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்போம். திறக்க முடியுமா? திறந்தால் உதவுமா?

முதலாவது, திறப்பது. கண்டபடி இலக்கத்தைத் தட்டாதீங்க. பிழையாகத் தட்டத் தட்டக் காத்திருக்கும் நேரம்தான் கூடும். டெப்புக்குள் இருப்பதை எல்லாம் அழித்து, புதிதாகத் தொடங்க வைக்க வழி இருக்கிறது. அணைத்துவிட்டு, பவர் பட்டனையும் சத்தம் கூட்டும் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் அதற்கான பட்டியல் வரும். சில டெப்களில் பட்டன் வேறுபடும். ஆனால் படங்களும் பாடக் குறிப்புகளும் போய்விடும். மெமரி கார்ட் இருந்தால் முதலில் கழற்றி வையுங்க.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், இப்படி அழித்த பிறகு, முன்பு போட்டிருந்த கூகுள் கணக்கை டெப் திருப்பிக் கேட்கும். ஐபேட்டில் இதே மாதிரிப் பூட்டு 2013இலேயே வந்துவிட்டது. திருடனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு இது. ஆகவே கணக்கைத் தேடி எடுத்த பிறகே அழிக்க வேணும்.

அந்தக் கணக்கு எது? வாங்கிய கடையில் போட்டுத் தந்ததா, மூத்த மகன் போட்டதா என்று விசாரியுங்க. கடவுச்சொல் மறந்திருந்தால், கணக்கில் கொடுத்த தொலைபேசி இலக்கத்துக்குக் கூகுள் குறியீடு அனுப்பும். அந்த சிம் தொலைந்திருந்தால், யாருடைய பெயரில் எடுத்தீங்களோ அவர் அடையாள அட்டையோடு போய் அதே இலக்கத்தை மீண்டும் கேட்கலாம். குறியீட்டை வேறு யாருக்கும் சொல்லாதீங்க. ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்க. ஐபேட் என்றால் அந்த ரசீதைக் காட்டி ஆப்பிள் நிறுவனத்திடம் உதவி கேட்கலாம்.

இரண்டாவது, திறந்தால் உதவுமா? அமைப்புப் பகுதியில் ஆண்ட்ராய்டு எத்தனையாவது என்று பாருங்க. 5.0க்குக் குறைந்தவற்றுக்கு 2023 அக்டோபரில் வாட்ஸ்அப் ஆதரவை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட டெப்பிலும் வினாத்தாள் படிக்கலாம், ஏற்றி வைத்த பாடத்தைப் பார்க்கலாம். வங்கிக் காரியம் மட்டும் அதில் வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு வருவதில்லை. முதுகு உப்பியிருந்தால் மின்சாரத்தில் போடவே போடாதீங்க. பற்றரி தீப்பிடிக்கும். பிள்ளைகள் தூங்கும் காம்பராவில் அதை வைக்கவும் வேண்டாம்.

ஆசிரியர் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறார், வீட்டில் அதைப் பார்க்க வேறு போன் இல்லை, பழையதும் ஏலாது என்றால் மாற்றத்தான் வேணும். பழைய பொருள் வாங்கினால், விற்பவரின் கணக்கை எடுக்கச் சொல்லி, உங்கள் கண் முன்னே புதிதாகத் தொடங்கிப் பாருங்க. பழைய கணக்கைக் கேட்டால் காசு கொடுக்காதீங்க. சிம் போடும் டெப் என்றால் அதன் ஐ.எம்.இ.ஐ. இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. புதியதோ பழையதோ, கணக்கின் பெயர், கடவுச்சொல், திறக்கும் இலக்கம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் இடத்திலேயே வையுங்க. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது தெரிந்திருக்க வேணும். பிள்ளைக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

கொழுந்து பறித்து உழைத்த காசு இது. அவசரப்படாமல் பார்த்துச் செலவழிப்போம்.