பதினெட்டு நிறைந்த நாள்

(கோபாலபுரத்தில் நடைபெற்ற குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தத்துவ விளக்கம் தருவதற்கு என்னிலும் தகுதியுடைய பண்டிதர்கள் இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே, சென்ற நவம்பர் மாதத்தில் எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த மூன்று நாள் பரபரப்பைக் கூறி, அதிலிருந்து எழுந்த கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

என் தமக்கையின் மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. அவ்வை சண்முகம் சாலையை ஒட்டிய தெருவில், இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் வெள்ளி இரவுக்குள் இருபத்து மூன்று பேர் கூடிவிட்டோம். வந்தவாசியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வந்தவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் வந்து சேர்வதற்குள் களைத்துப் போயினர். பாய்கள் போதவில்லை. மாடியில் கட்டிய பந்தல் மழைக்குத் தாங்குமா என்ற கவலை ஒருபுறம். சமையற்காரரின் தொலைபேசி எடுக்கப்படவில்லை என்ற கவலை மறுபுறம்.

நள்ளிரவில் கேக் வெட்ட வேண்டும் என்று இளையவர்கள் பிடிவாதம் செய்தனர். பெரியவர்கள் முகம் சுளித்தோம். ஆனால் சட்டம் பிள்ளைகள் பக்கமே இருக்கிறது! 1875 ஆம் ஆண்டின் இந்திய வயது முதிர்ச்சிச் சட்டம், பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகக் கணக்கிட்டு, பதினெட்டாவது ஆண்டு நிறைவு நாளின் தொடக்கத்திலேயே ஒருவர் முதிர்ச்சி அடைகிறார் என்று கூறுகிறது. அந்த நொடியிலிருந்து அவர் கையொப்பமிடும் ஒப்பந்தம் செல்லும். காப்பாளர் பெயரில் இயங்கிய வங்கிக் கணக்கிற்கு அவரே புதிய கையொப்பம் தர வேண்டும். வாக்குரிமையும் உண்டு; அது 1989 மார்ச்சுக்கு முன்பு இருபத்தொரு வயதில்தான் கிடைத்தது.

கேக் வெட்டப்பட்டது. முட்டையும் தேனும் சேராதது என்று கடைக்காரரிடம் இருமுறை கேட்டு வாங்கியது. எல்லாரும் உண்டனர், பிறந்தநாள் கொண்டாடியவள் உண்ணவில்லை. "காலையில் சாப்பிடுகிறேன்" என்று தன் துண்டை மூடி வைத்துவிட்டாள். இரவு உண்ணாமையை அவளுக்கு யாரும் விதித்ததில்லை. விடுதியில் தங்கிப் பயிலும் அவள் அதை எப்போது தொடங்கினாள் என்று அவள் அன்னைக்கே தெரியாது. இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்குரிய பதினோரு நிலைகளுள் ஆறாவதாக இதனை வைக்கிறது. ஆறாம் நிலையை அவள் எட்டிவிட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. தானாக ஒன்றைத் தொடங்கினாள் என்பதே செய்தி.

சனிக்கிழமை காலை ஜினாலய வழிபாடு. பிறகு செம்மொழிப் பூங்காவில் ஒளிப்படம். அவ்விடத்தில் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்தது. காருக்குள்ளேயே தட்டு வைத்துத் தோசை உண்டு தம் பிள்ளைகளின் பிறந்தநாளைக் கொண்டாடிய கதையை என் தந்தையார் மரங்களுக்கு இடையே நின்று விரிவாகக் கூறினார். ஒளிப்படக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்; அவருக்கு மணிக்கணக்கில் ஊதியம்.

சிக்கல் பிற்பகலில் தொடங்கியது. இரவு விருந்து ஏழரை மணிக்கு என்று முடிவாகி, அழைப்பும் அனுப்பப்பட்டிருந்தது. சென்னையில் நவம்பர் மாதத்தில் ஐந்தே முக்கால் மணிக்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான். அந்தப் பெண் என்னிடம் வந்து, "மாமா, என் விருந்தில் நானும் பாட்டியும் உண்ண முடியாது. இதை யாராவது யோசித்தீர்களா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. சமையற்காரரிடம் பேசி, ஐந்து மணிக்கு முதற்பந்தி என்று மாற்றினோம். தோழியர் பாதிப் பேர் வருமுன்னரே பந்தி முடிந்தது. என் தமக்கைக்கு அதில் மனவருத்தம் உண்டு, இன்றும் உண்டு.

பெரிய வழக்கு அதற்குப் பின் வந்தது. ஞாயிறு காலை இரத்த தானம் செய்யப் போவதாக அவள் அறிவித்தாள். பதினெட்டு நிறைந்தவரே இரத்தம் கொடுக்கலாம் என்பது நம் நாட்டு விதி. அந்த நாளுக்காகவே காத்திருந்தாளாம். வீடு இரண்டுபட்டது. "கல்யாணம் ஆக வேண்டிய பெண், உடம்பு என்னாவது?" என்றார் பாட்டி. ஊருக்குப் புறப்படும் உறவினரை வழியனுப்ப வேண்டிய நாளில் இது எதற்கு என்றார் ஒருவர். உடலை வருத்துவது அகிம்சையா என்று வேறொருவர் தத்துவத்தையே துணைக்கு அழைத்தார். உணவு, மருந்து, கல்வி, அபயம் என நான்கு தானங்களைப் போற்றும் குலத்தில், மருந்தாகவே பயன்படும் ஒன்றைக் கொடுப்பதற்கு இத்தனை தடை எழுந்ததைக் கண்டு வியந்தேன்.

இங்கேதான் என் கேள்வி. இதே பெண் பூப்பெய்தியபோது நான் தாய்மாமனாகச் சீர்வரிசைத் தட்டுகளுடன் சென்றேன். பட்டுடுத்தி, மாலை சூட்டி அவளை நடுவில் அமர்த்தினோம். நாள், நேரம், புடவையின் நிறம் யாவற்றையும் நாங்களே முடிவு செய்தோம். பதின்மூன்று வயதுக் குழந்தையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அச்சடங்கின் இயல்பே அது. அங்கே முதிர்ந்தது உடல். பதினெட்டில் முதிர்வது விருப்பம். ஆனால் நம் வீடுகளில் இரண்டாவது விழாவையும் முதல் விழாவின் அச்சிலேயே வார்க்கிறோம்: பந்தல், சமையல், ஒளிப்படம், நடுவில் பேசாத பெண். பேசத் தொடங்கினால் திகைக்கிறோம்.

நம் சமயம் இதில் சட்டத்தைவிடத் துணிவுடையது. எட்டு வயது நிறைந்தவர் விரதம் ஏற்கத் தகுதி பெறுகிறார் என்பது ஆகமக் கொள்கை. பிறர் பொருட்டு ஏற்பது விரதம் ஆகாது. அறிந்து, தானே ஏற்க வேண்டும். எட்டு வயதுக்கு அந்த மதிப்பைத் தந்த முன்னோரின் வழிவந்த நாம், பதினெட்டு வயதுப் பெண்ணிடம் விருந்து நேரத்தைக்கூடக் கேளாதிருப்பது எப்படிப் பொருந்தும்?

ஞாயிறன்று நானே அவளுடன் இரத்த வங்கிக்குச் சென்றேன். எடை போதுமானது, ஆனால் ஈமோகுளோபின் 11.6 கிராம். 12.5 இருந்தால்தான் இரத்தம் எடுப்பார்கள். மருத்துவர் அன்புடன் திருப்பி அனுப்பினார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, அவளைத் தவிர. தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தச் சோகை உடையவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. இரத்தம் கொடுத்தால் உடம்பு கெடும் என்று அஞ்சிய எங்களில் ஒருவருக்கும், அவள் உடம்பில் ஏற்கெனவே குறை உள்ளதென்று தெரிந்திருக்கவில்லை. புலால் உண்ணாத குடும்பங்கள் இதனைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள் ஆகியவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவுடன் தேநீர் அருந்தினால் அது குறையும். மருத்துவர் மாத்திரையும் எழுதித் தந்தார்.

நான்கு மாதங்கள் சென்றன. இரு வாரங்களுக்கு முன் அவள் மீண்டும் சென்றாள். 12.8 இருந்தது. 350 மில்லி லிட்டர் எடுத்தனர். முதல் நாள் மாலையே, அந்தி சாயுமுன், பாட்டி எள்ளுருண்டை பிடித்து டப்பாவில் வைத்துத் தந்தார். "போகாதே" என்று சொல்லவில்லை. "திரும்பி வரும்போது ஆட்டோவில் வா" என்று மட்டும் கூறினார்.

இவ்வாண்டு பதினெட்டு நிறைந்தோர் இவ்வரங்கில் ஒன்பது பேர் இருப்பதாக நிர்வாகிகள் கூறினர். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 வாயிலருகே உள்ள மேசையில் இருக்கிறது. பதினேழு நிறைந்தவர்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பெற்றோர் நிரப்பித் தர வேண்டாம், அவர்களே நிரப்பட்டும். பந்தி ஐந்து மணிக்கு.