மழலையின் சளியும் பெற்றோரின் பொறுமையும்

(ஆரணியில் நிகழ்த்திய ஜுமுஆ உரையின் எழுத்து வடிவம்)

 



நம் அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தில் உள்ளது சுங்குவார்சத்திரம். அங்கிருந்த ஸ்ரீசன் மருந்து நிறுவனம் தயாரித்த 'கோல்ட்ரிப்' என்னும் இருமல் மருந்தைக் குடித்த பிஞ்சுகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்த்வாரா மாவட்டத்தில், 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 விழுக்காடுதான்! தமிழகத்தில் அதன் விற்பனை தடை செய்யப்பட்டது. அக்டோபர் மாதத்திலேயே நிறுவனத்தின் உரிமமும் ரத்தாயிற்று. இதே போன்ற கலப்படத்தால் 2022 ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலும் சுமார் 70 குழந்தைகள் உயிரிழந்தனர்.

சகோதரர்களே! அந்தத் தாய்மார்கள் பாசத்தோடுதான் அந்த மருந்தை ஊட்டினார்கள். குற்றம் நஞ்சைக் கலந்தவர்களையும், தடுக்கத் தவறியவர்களையுமே சாரும். நாளை மறுமையில் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. சாதாரணச் சளிக்கு அந்த மருந்து தேவைதானா?

தேவையில்லை என்பதே மருத்துவம் தரும் பதில். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. சளியை உண்டாக்குபவை இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ் கிருமிகள். ஒரு சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை வரை சளி பிடிப்பது இயல்பு. பெரும்பாலும் ஏழு, பத்து நாள்களில் அது தானே விலகும். இருமல் இன்னும் சில நாள் நீடிக்கலாம். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வைரஸைக் கொல்வதில்லை.

நோயைத் தந்த இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்பது நபிமொழியின் கருத்து. அந்த நிவாரணம் எப்போதும் பாட்டிலில்தான் வரும் என்பதில்லை. தறியில் இழை அறுந்தால் அவசரப்பட்டு இழுப்போமா? நிதானமாக முடிச்சுப் போட்டுத்தானே நெய்கிறோம்! குழந்தை இருமினால், தறி நின்றுவிடுமே, கூலி போய்விடுமே என்ற பதற்றத்தில் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். சென்ற முறை மீந்த மருந்தையும், அண்டை வீட்டார் தந்ததையும் ஊட்டுகிறோம். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற மார்க்கத் தீர்ப்பை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பாலூட்டுங்கள். வளர்ந்த பிள்ளைக்கு வெந்நீர், கஞ்சி, ரசம் கொடுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். திருக்குர்ஆன் நிவாரணம் என்று போற்றும் தேனையும் ஒரு வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது; அது கைக்குழந்தைக்குக் கடும் நோயை உண்டாக்கக்கூடும். கற்பூரம் கலந்த எண்ணெயைத் தடவாதீர்கள். அதனால் வலிப்பு வரலாம். கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் அமர்த்தி வேது பிடிப்பதும் ஆபத்து.

பொறுமை என்பது அலட்சியமன்று. மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளிழுத்தால், பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் விழிக்காமல் சோர்ந்து கிடந்தால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் கண்டாலே போதும், உடனே செல்ல வேண்டும். 108 ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

வருமுன் காப்பதற்கும் நம் மார்க்கத்திலேயே வழியுண்டு. நபி (ஸல்) அவர்கள் தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொள்வார்கள். இதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். தும்மிய கையைச் சோப்பிட்டுக் கழுவவும் பழக்குங்கள். சளி பிடித்த நாம், பிறர் வீட்டுக் கைக்குழந்தையை முத்தமிடாமல் இருப்பதும் ஸதகாவே! தறி வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகையும், சாம்பிராணிப் புகையும் சூழ வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சளிக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் நிமோனியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. தவணை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அருமைப் பெற்றோரே! குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். இரவெல்லாம் இருமும் பிள்ளையை மனைவியிடம் விட்டுவிட்டு நாம் மட்டும் உறங்கலாமா? தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும் தந்தையின் கையும் ஒரு மருந்துதான். அதில் கலப்படம் இல்லை.

வல்ல அல்லாஹ், பிள்ளைகளை இழந்த அந்தப் பெற்றோருக்கு அழகிய பொறுமையை வழங்குவானாக! நம் மழலைகளுக்கு நிறைவான ஆரோக்கியத்தைத் தருவானாக! அமானிதமாகத் தந்த குழந்தைகளை அறிவோடு பேணும் நற்பேற்றை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.