தீர விசாரியுங்கள், பிறகு பரப்புங்கள்!

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2018 பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். முஸ்லிம்கள் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருந்த நேரம். தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில், சாப்பாட்டில் கிடந்த கட்டியைக் காட்டிச் சிங்களத்தில் மிரட்டினார்கள். மொழி சரியாகப் புரியாமல், பயத்தில் அவர் 'ஆம்' என்பதுபோல் சொல்லிவிட்டார். அன்றிரவே கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அவர் 'ஒப்புக்கொண்ட' காட்சி நாடெங்கும் பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரசுப் பகுப்பாய்வாளர் அறிவித்தார். எப்போது? எல்லாம் முடிந்த பிறகு!

சமூக வலைத்தளச் செய்திகளைச் சரிபார்ப்பதால் என்ன லாபம், என்ன நஷ்டம்? வணிகர்களுக்குக் கணக்குப் பார்ப்பது புதிதல்லவே!

லாபம் பெரிது. 2020 கொரோனா காலத்தில், முஸ்லிம் பழ வியாபாரிகள் எச்சில் தடவி நோயைப் பரப்புவதாகக் காட்சிகள் வந்தன. அவை பழைய காட்சிகள் என்று வெளிப்படுத்தியவர்கள் சரிபார்ப்பாளர்களே. அவர்களில் மாற்று மத நண்பர்களும் உண்டு.

நஷ்டமும் உண்டு. பொய்யைப் பார்த்தவர் எல்லோரும் மறுப்பைப் பார்ப்பதில்லை. மறுக்கிறேன் என்று அதே காட்சியை அனுப்பினால், அறியாதவருக்கும் பொய் போய்ச் சேருகிறது. எது பொய் என்று அரசே தீர்ப்புச் சொன்னால், நியாயமான விமர்சனமும் பொய்யாகிவிடும். மத்திய அரசு தனக்கென அமைக்கவிருந்த சரிபார்ப்புப் பிரிவுக்கான விதியை, 2024 செப்டம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது.

இளைஞர்களே! பிறர் சொன்ன பொய்யை மட்டும் சோதித்தால் போதுமா? சிரியாவின் பழைய படத்தைக் காஸா என்று அனுப்பியவர்கள் நம்மிலும் இல்லையா? காஸாவின் உண்மையான துயரத்தையே 'பொய்' என்று தள்ளிவிட நாமல்லவா வழி செய்து கொடுத்தோம்! ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், தீர விசாரிக்கும் கடமையை முஃமின்களாகிய நம்மீதுதான் சுமத்துகிறது.

ஆகவே, படம் எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாமல் அனுப்பாதீர்கள். தவறாக அனுப்பிவிட்டால், அனுப்பிய இடத்திலேயே திருத்தம் போடுங்கள், வெட்கப்படாதீர்கள். வணிகர்களே! உங்கள் கடையைப் பற்றிப் பொய் வந்தால் ஆத்திரத்தில் பதில் எழுதாதீர்கள். பதிவைச் சேமித்து வைத்து, அன்றே சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள், ஜமாஅத்துக்கும் தெரிவியுங்கள்.

மறுப்பு வருவதற்குள் கடை எரிந்துவிடும். பொய் நம் கையோடு நிற்கட்டும். வஸ்ஸலாம்.