வரி வாங்கும் உத்தியோகம்

1848ஆம் ஆண்டிலே, டொரிங்டன் பிரபு இலங்கைத் தேசாதிபதியாயிருந்த காலத்தில், நாய்க்கு ஒரு ஷில்லிங், துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங், தெருப்போட வருஷத்தில் ஆறு நாள் உழைப்பு அல்லது அதற்கீடான பணம் என்று விதித்த வரிகளைப் பொறாத ஜனங்கள், தம்புள்ளையிலே தமக்கோர் அரசனுக்கு முடிசூட்டி, மாத்தளைக்குள் புகுந்து தாக்கிய இடங்களுள், வரிப் பதிவேடுகள் கிடந்த கச்சேரியும் ஒன்று. விதிப்பவர் மாளிகையில் இருப்பார். ஏச்சு முழுவதும் ஏட்டைச் சுமப்பவனுக்கே!

வருமான வரி 1932இல் வந்தது. இன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் அமர்ந்தவருக்குச் சம்பளம் நிச்சயம், ஓய்வூதியம் உண்டு, சட்டமும் கணக்கும் கைவரும். ஆயினும் இடமாற்றமும், சலுகை கேட்டுவரும் சிநேகிதரிடம் ‘முடியாது’ என்னும் தர்மசங்கடமும் கூடவே வரும்.

நல்ல உத்தியோகந்தான், முகதாட்சண்யம் பார்ப்பவர்கள் மட்டும் தயவுசெய்து விண்ணப்பிக்க வேண்டாம்.