நட்பும் குடும்பமும்: அஹ்மது ஜலாலுத்தீன் நினைவு தரும் பாடம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயர் போற்றித் தொடங்குகிறேன். எல்லாப் புகழும் அவனுக்கே உரியது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

ஆண்டறிக்கை வாசிக்கப்படும்போது வரவு செலவுக் கணக்கிற்கு முன்பாக இரங்கல் தீர்மானம் வாசிக்கப்படுவது நம் வழக்கம். அவ்வாண்டில் மறைந்தோரின் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. "இன்னா லில்லாஹி" என்று நாம் மெல்ல மொழிகிறோம். மஃபிரத்திற்காக துஆச் செய்கிறோம். பிறகு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுகிறோம். கூட்ட ஒழுங்கிற்கு அது சரியே. ஆனால் அந்தப் பெயருக்குரியவர் வாழ்ந்த வீட்டில் அவருடைய மறைவு ஒரு நிமிடத்தில் முடிந்து போவதில்லை. அவரோடு ஐம்பது ஆண்டுகள் பழகிய நண்பரின் உள்ளத்திலும் அது முடிந்து போவதில்லை.

மறைந்த நண்பரை நினைவுகூர்வது பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். நம்மிடையே வாழ்ந்து மறைந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் மற்றவர்கள் விடுபட்டதாக அவர்தம் குடும்பத்தார் வருந்தக்கூடும். ஆகவே நாடறிந்த நூலொன்றின் வழியாக நமக்கு அறிமுகமான ஒரு மனிதரைப் பற்றிப் பேச விழைகிறேன். அவர் இராமேசுவரத்தைச் சேர்ந்த அஹ்மது ஜலாலுத்தீன் அவர்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் நண்பர். பின்னர் அவர்தம் தமக்கையாரை மணந்து மைத்துனரானவர். 1999ஆம் ஆண்டு வெளிவந்த தமது தன்வரலாற்று நூலில், அதாவது தமிழில் 'அக்னிச் சிறகுகள்' என நாம் அறிந்துள்ள நூலில், கலாம் அவர்கள் இவரைப் பற்றி நெஞ்சுருக எழுதியிருக்கிறார்கள்.

கலாம் அவர்களைப் பற்றி மேடைதோறும் பேசப்படுகிறது. 1997ஆம் ஆண்டில் பாரத ரத்னா விருது பெற்றதும், 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர் பொறுப்பை வகித்ததும் பள்ளிச் சிறுவர்களும் அறிந்த செய்திகள். 2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் அவர்கள் மறைந்தபோது நாடே கண்ணீர் வடித்தது. இராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் அவர்களுடைய நினைவிடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிறுவனின் கையைப் பிடித்து நடத்திச் சென்ற ஜலாலுத்தீனைப் பற்றி நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? ஒவ்வோர் ஊரிலும் புகழ் பெற்ற ஒருவருக்குப் பின்னால் பெயர் வெளிவராத இத்தகைய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைவில் வைப்பது ஜமாஅத்தின் கடமை என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் கலாம் பிறந்தார். தந்தையார் ஜைனுலாபிதீன், தாயார் ஆஷியம்மா. கலாமுக்கு ஆறு வயதிருக்கும்போது, இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதற்காகத் தந்தையார் மரப்படகு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அந்தப் பணியில் துணை நின்ற உறவினர்தான் ஜலாலுத்தீன். கடற்கரையில் பலகைகள் படகாக உருப்பெற்று வந்ததைச் சிறுவன் கலாம் வியப்போடு பார்த்து நின்றான். பிறகொரு நாள் வீசிய கடும்புயல் அந்தப் படகைக் கொண்டு போய்விட்டது. ஆனால் அந்தப் படகடியில் தொடங்கிய நட்பு ஜலாலுத்தீனின் இறுதி மூச்சு வரை நிலைத்தது.

இருவருக்கும் இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வயது வேறுபாடு. சிறுவன்தானே என்று அவர் ஒதுக்கவில்லை. 'ஆசாத்' என்று செல்லமாக அழைத்துத் தம் அருகில் வைத்துக்கொண்டார். மாலைப் பொழுதுகளில் இருவரும் பள்ளிவாசல் தெருவிலிருந்து புறப்பட்டுக் கடற்கரை மணலை நோக்கி நடப்பார்கள். இறைவனைப் பற்றிய பேச்சே அங்கு மிகுதியாக இருக்கும். தம் ஐயங்களையெல்லாம் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பது போல ஜலாலுத்தீன் இறைவனிடம் முறையிடுவார் என்று கலாம் அவர்கள் எழுதுகிறார்கள். படித்தவர்களைப் பற்றியும், அறிவியல் கண்டுபிடிப்புகளைப் பற்றியும், மருத்துவத்தின் வெற்றிகளைப் பற்றியும் அவர் சொல்லச் சொல்ல, அந்தச் சிறிய தீவிற்கு அப்பால் பெரிய உலகம் ஒன்று உண்டென்பதைச் சிறுவன் அறிந்துகொண்டான்.

அன்பர்களே! இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஜலாலுத்தீன் மேற்படிப்புப் படித்தவரல்லர். குடும்பத்தின் வறுமை காரணமாக அவருடைய கல்வி இடையிலேயே நின்றது. ஆயினும் அன்று அந்தத் தீவு முழுவதிலும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே. விண்ணப்பமோ கடிதமோ, எழுதித் தரச் சொல்லி யார் வந்தாலும் எழுதிக் கொடுப்பார். தமக்குக் கிடைக்காத கல்வி பற்றிய கசப்பு அவரிடம் துளியும் இருந்ததில்லை; கிடைத்தவற்றுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்தும் உள்ளமே அவரிடம் இருந்தது என்று கலாம் அவர்கள் குறிப்பிடுகிறார்கள். தாம் இழந்ததைப் பிறர் பெறும்போது பொறாமை கொள்வோரும் உண்டு. 'நான் படித்தா வாழ்கிறேன்?' என்று சொல்லிப் பிள்ளைகளின் படிப்பையும் நிறுத்துவோரும் உண்டு. ஜலாலுத்தீனோ தம் இழப்பையே அடுத்த தலைமுறைக்கு ஏணியாக்கிக் கொடுத்தார்.

உயர்நிலைக் கல்விக்காகக் கலாம் இராமநாதபுரம் செல்ல வேண்டி வந்தது. அவரை அழைத்துச் சென்று ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்து, தங்குவதற்கு இடமும் ஏற்பாடு செய்தவர்கள் இருவர். ஒருவர் ஜலாலுத்தீன். மற்றவர் இராமேசுவரத்தில் செய்தித்தாள் விநியோகம் செய்து வந்த உறவினர் சம்சுத்தீன். வீட்டு நினைவு வாட்டியபோதெல்லாம் ஜலாலுத்தீன் ஊட்டிய தன்னம்பிக்கைச் சொற்களே அந்த மாணவனைத் தாங்கி நிறுத்தின. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது ஒரு நாள் வேலைதான். ஆனால் உடன் வருவதற்கு ஆளில்லாத காரணத்தால் படிப்பை இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் என்பதை நாம் அறிவோம்.

பின்னர் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் கலாமுக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவை. அந்நாளில் அது பெருந்தொகை. அப்போது தமக்கையார் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் திரட்டிக் கொடுத்தார். பெண்ணின் நகை அவளுடைய சொந்த உடைமை. அது மார்க்கம் அவளுக்கு வழங்கிய உரிமை. அந்த உடைமையைத் தம்பியின் கல்விக்காக மனமுவந்து கொடுத்தார் அந்தச் சகோதரி. தம் சொந்தச் சம்பாத்தியத்திலேயே அந்த நகைகளை மீட்டுத் தருவதெனக் கலாம் உறுதி பூண்டார். அந்தக் குடும்பத்தின் இயல்பு அத்தகையது. அங்கே நட்பு வேறு, குடும்பம் வேறு என்று இருக்கவில்லை. நண்பர்களுக்காக ஓடுகிறவர் வீட்டை மறந்துவிடுவார் என்று நம் தாய்மார்கள் குறைப்படுவதுண்டு. அதில் நியாயமும் உண்டு. மனைவி மக்களிடம் நல்லவராக இருப்பவரே உங்களில் சிறந்தவர் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். வீட்டைப் பேணிக்கொண்டே நட்பையும் பேண முடியும் என்பதற்கு ஜலாலுத்தீனின் வாழ்வு சான்று.

ராக்கெட் தொழில்நுட்பப் பயிற்சிக்காகக் கலாம் அமெரிக்காவின் நாசா நிறுவனத்திற்குச் சென்றபோது, அவரை வழியனுப்ப ஜலாலுத்தீனும் சம்சுத்தீனும் பம்பாய் வரை சென்றார்கள். அத்தகைய பெருநகரை அவர்கள் கண்டது அதுவே முதல் முறை. விமான நிலையத்தில் ஜலாலுத்தீன் தம் அன்பையும், தமக்கு அவர்மீதுள்ள நம்பிக்கையையும் எளிய சொற்களில் கூறி விடைகொடுத்தார். கலாமின் கண்கள் கலங்கின. தம் ஆக்க சக்தியின் அடிப்படையை இந்த இருவரிடமிருந்தே பெற்றதாக அவர் பின்னர் எழுதினார். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அந்தக் குழுவில் கலாமும் இருந்தார்.

1970களில் எஸ்.எல்.வி. ராக்கெட்டை உருவாக்கும் பணியில் கலாம் திருவனந்தபுரத்தில் மூழ்கியிருந்தபோது ஜலாலுத்தீன் மவுத்தான செய்தி வந்தது. இரவு முழுவதும் பேருந்து மாறி மாறிப் பயணம் செய்து மறுநாள்தான் இராமேசுவரம் சேர்ந்தார். அங்கே கண்ணீர் வடிக்கும் தமக்கை, தந்தையை இழந்த பிள்ளை. ஏறத்தாழ நூறு வயதை எட்டியிருந்த தந்தையார், மருமகனை இழந்த நிலையிலும் மகனின் கைகளை நெடுநேரம் பற்றிக்கொண்டிருந்தார். 1976ஆம் ஆண்டு, தம் 102ஆவது வயதில், அந்தத் தந்தையாரும் மறைந்தார். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை வெற்றிகரமாகச் சுமந்து சென்றபோது, அதைக் கண்டு யாரைவிடவும் மகிழ்ந்திருக்கக்கூடிய ஜலாலுத்தீன் உயிரோடு இல்லை. ஆயினும் கலாம் அவரை மறக்கவில்லை. உலகமெங்கும் படிக்கப்பட்ட நூலில் அந்த எளிய மனிதருக்கு நிலையான இடம் கொடுத்தார். நண்பருக்கு நண்பர் செய்த கைம்மாறு அது.

பெரியோர்களே! நாம் எல்லோரும் நூல் எழுத முடியாது. ஆனால் மறைந்த நண்பருக்குச் செய்ய வேண்டிய கடமைகளை மார்க்கம் நமக்குக் காட்டித் தந்திருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பின்னரும், ஆடு அறுக்கப்படும்போது நபி (ஸல்) அவர்கள் அன்னையாரின் தோழியருக்குப் பங்கு அனுப்புவார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. மறைந்தவர் நேசித்தவர்களை நேசிப்பதே அவர்மீது நாம் கொண்ட அன்பின் அடையாளம். மூத்தா போர்க்களத்தில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர்தம் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துக்க வீட்டிற்கு நாம் உணவு கொண்டு செல்ல வேண்டும் என்பதே இதன் பாடம். ஆனால் பல ஊர்களில் நடப்பது என்ன? துக்க வீட்டார் கடன் வாங்கி நமக்குச் சோறு போடும் நிலை இருக்கிறது. இதை நாம் சிந்திக்க வேண்டும்.

கடனைப் பற்றியும் ஒரு சொல். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மையித்திற்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதுண்டு. இன்றும் தொழுகைக்கு முன் வீட்டார் எழுந்து, கொடுக்கல் வாங்கல் இருந்தால் தங்களிடம் தெரிவிக்குமாறு அறிவிக்கிறார்கள். அந்த அறிவிப்போடு நண்பர்களின் பொறுப்பு முடிந்துவிடலாகாது. இறந்தவரின் தொழில் விவரம், யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு, வங்கிக் கணக்கு, காப்பீடு, பத்திரங்கள் ஆகியவற்றைப் பல நேரங்களில் மனைவியைக் காட்டிலும் நண்பரே நன்கறிவார். இத்தாவில் இருக்கும் அந்தச் சகோதரி அலுவலகங்களுக்கு அலைய இயலாது. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் எழுத, ஒரு படிவத்தை நிரப்ப, உண்மையான கணக்கை எடுத்துச் சொல்ல ஒரு நண்பர் முன்வந்தால் அந்தக் குடும்பம் பல தொல்லைகளிலிருந்து தப்பும். ஊராருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தாரே ஜலாலுத்தீன், அந்தப் பணிதான் இது.

ஆகவே ஜமாஅத்தின் மேலான கவனத்திற்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, நம் மஹல்லாவில் தந்தையை இழந்த ஒவ்வொரு மாணவ மாணவியருக்கும், உடன் சென்று பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்த்துவிடும் பொறுப்பாளர் ஒருவரை அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு நியமிக்க வேண்டும். பணம் கொடுப்பதற்குச் செல்வர்கள் இருக்கிறார்கள். உடன் நடப்பதற்குத்தான் ஆள் வேண்டும். இரண்டு, இனி ஆண்டறிக்கையின் இரங்கல் பக்கத்தில் பெயரையும் தேதியையும் மட்டும் அச்சிடாமல், மறைந்தவர் செய்த ஒரு நற்செயலை அவருடைய நண்பர் ஒருவரிடம் கேட்டு நான்கு வரிகள் சேர்க்க வேண்டும். மறைந்தோரின் நன்மைகளை எடுத்துச் சொல்வது நமக்குக் கற்றுத் தரப்பட்ட பண்பு. தம் வாப்பா யார் யாருக்கு உதவினார் என்பதைப் பிள்ளைகள் அந்த நான்கு வரிகளிலிருந்து அறிந்துகொள்வார்கள்.

மனிதன் இறந்தபின் அவனுடைய செயல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நற்பிள்ளை ஆகிய மூன்றைத் தவிர என்னும் கருத்தில் ஹதீஸ் உண்டு. பயன் தரும் கல்வி என்பது நூல் எழுதிய அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு சிறுவனுக்குக் கடற்கரை மணலில் உலகத்தை எடுத்துச் சொன்னவருக்கும் அதில் பங்குண்டு என்றே நம்புகிறோம்.

வல்ல அல்லாஹ் நம்மை விட்டுப் பிரிந்த அனைவரின் பிழைகளையும் பொறுத்து, அவர்களின் கபுறுகளை ஒளிமயமாக்கி, உயர்ந்த சுவனபதியை வழங்குவானாக! அவர்கள் விட்டுச் சென்ற குடும்பத்தாருக்கு அழகிய பொறுமையையும், அவர்களுக்குத் துணை நிற்கும் நல்லெண்ணத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.